யாருக்கு எளிது?

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலைக்குப் போகிறவர்களும், சித்த மருத்துவ நிறுவனத்தில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை பிடிக்க வருகிறவர்களும் காலையில் இங்கேதான் இறங்குகிறார்கள். நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ஆஸ்பத்திரி, அரசு ஏட்டில், அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் டிபி ஆஸ்பத்திரிதான். 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று 700க்கு மேல்.

எளிமையைப் பற்றி எழுத வந்தவன் ஆஸ்பத்திரி வாசலில் ஏன் நிற்கிறேன் என்று தோன்றலாம். நம் ஊரில் எளிமை என்றால் அது ஒரு மனிதரின் குணம். இரண்டு வேட்டி, வாடகை வீடு, பதவி போன மறுநாள் பஸ்ஸில் ஏறும் தலைவர் என்று ஒரு படம் உடனே மனதில் வந்துவிடும். அந்தப் படத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் தலைவர் எத்தனை வேட்டி வைத்திருக்கிறார் என்பதால் யாருடைய அன்றாடமும் மாறிவிடுவதில்லை. அரசு அலுவலகமும் மருத்துவமனையும் வங்கியும் தங்கள் வேலையை எப்படி அமைத்துக்கொள்கின்றன என்பதால் மாறுகிறது. ‘நடைமுறையை எளிதாக்கிவிட்டோம்’ என்று ஓர் அலுவலகம் அறிவித்தால், யாருக்கு எளிது என்று கேட்காமல் நகரக் கூடாது. பெரும்பாலும் சிக்கல் எங்கேயும் போயிருக்காது, கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தது வெளியே வந்து வரிசையில் நிற்பவர் தலையில் ஏறியிருக்கும். காசநோயோடு தமிழ்நாடு நூறாண்டாக நடத்திவரும் போராட்டத்தில் இந்தக் கேள்விக்குச் சில துல்லியமான பதில்கள் இருக்கின்றன. எண்களோடு கூடிய பதில்கள்.

சானடோரியத்தைத் தொடங்கிய டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து இங்கிலாந்தில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்தவர். சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான விடுதி ஒன்றை நடத்தினார். 1917இல் கணித மேதை ராமானுஜன் அங்கே சில காலம் நோயாளியாக இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் வாதிட்டது தனிக்கதை.) சௌரி முத்துவின் மருத்துவம், ஹெர்மன் பிரேமர் 1850களில் ஐரோப்பாவில் தொடங்கிவைத்த வழி வந்தது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, உடம்பு தேறத் தேற அளவான வேலை. ராபர்ட் கோக் 1882இலேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார் என்றாலும் அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. அதுவரை, நகரத்துப் புகையும் நெரிசலும் கொண்டுவந்த நோயை மலையடிவாரத்து எளிய வாழ்க்கை போக்கும் என்று நம்புவதைத் தவிர மருத்துவர்களுக்கும் வேறு வழியில்லை.

அந்த எளிய வாழ்க்கைக்கு ஆன செலவு கொஞ்சநஞ்சமல்ல. 12 பேர் காற்றாடப் படுத்திருக்க ஏறக்குறைய 250 ஏக்கர். அதற்கு மேல் பால், முட்டை, சமையல், செவிலியர். எல்லாவற்றையும்விட விலை கூடியது வேறொன்று. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நோயாளி சம்பாதிக்காமல் படுத்திருந்தாலும் தாங்கக்கூடிய குடும்பம் வேண்டும். 1937இல் சானடோரியம் சென்னை மாகாண அரசின் கைக்குப் போன பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. ரிக்‌ஷா இழுக்கிறவர் ஓராண்டு படுத்தால் வீட்டில் உலை கொதிக்காது. 1950களில் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான்.

இந்த இடத்தில்தான் சென்னை ஒரு காரியம் செய்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலும், மலிவான மாத்திரையான ஐசோநியாசிட் 1952லும் வந்துவிட்டிருந்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு கேட்டது ஒரே கேள்வி: மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு பக்கமும் ஒரே மருந்து. ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்ஸும், தினமும், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் ஏறியது. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதே ஆட்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது முறையே 89, 90. வித்தியாசம் மறைந்தே போனது. வீட்டில் நோயாளியோடு ஒன்றாக இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போகத் தொடங்கிய பிறகு நோயாளியைப் பிரித்து வைப்பதால் குடும்பத்துக்குப் பெரிய லாபமில்லை என்று ஆனது.

‘வீட்டுச் சிகிச்சையே போதும்’ என்று இதை ஒரே வரியில் சொல்லலாம். உலகம் அப்படித்தான் சொன்னது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன அல்லது வேறு ஆஸ்பத்திரிகளாக மாறின. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லும் தகுதியைப் பெற சேத்துப்பட்டில் என்னென்ன செய்தார்கள் என்பதை யாரும் கூடவே எடுத்துப்போகவில்லை. பி.ஏ.எஸ். என்பது நுனிநாக்கில் வைத்து விழுங்குகிற மாத்திரை இல்லை. நாளுக்குக் கிராம் கணக்கில் உள்ளே தள்ள வேண்டும், குமட்டும், வயிற்றைக் கலக்கும். இருமல் நின்று உடம்பு தேறிய மூன்றாம் மாதத்தில் அதை யார் விழுங்குவார்கள்? அதனால் மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி, மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். குடும்பத்தினருக்கும் பரிசோதனை நடந்தது. சானடோரியத்துச் சுவருக்குள் இருந்த கண்டிப்பு, படுக்கையை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நடந்து போனது. நோயாளிக்கும் அரசுக்கும் எளிதானது. அதற்கான பாரத்தை வீடு வீடாகப் போனவர்களும், அவர்களை அனுப்பிய நிர்வாகமும் சுமந்தார்கள்.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை எடுத்துக்கொண்டது, வீட்டுக்குப் போகிறவர்களை விட்டுவிட்டது. மருந்தைக் கையில் கொடுத்து, தீர்ந்ததும் வந்து வாங்கிக்கொள் என்றது. இது ஏட்டில் இன்னும் எளிது. 1992இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிப்பதில்லை என்று தெரியவந்தது. பாதியில் விட்ட காசநோய், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகத் திரும்பி வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 30 ஆண்டுகள் நாம் நடத்தியது எளிமையான திட்டமா, அல்லது எளிமையானது என்று பெயர் வைத்த கைகழுவலா? எனக்கு இதில் சந்தேகமில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. எளிய தீர்வு கையில் இருக்கும்போது அதைச் சோதிக்கவே மனம் வராது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு அந்த மனத்தடையைத் தாண்டியது. கையில் ஒரு குத்து, ஆயுளுக்கும் காசநோய் இல்லை என்பதைவிட எளிய யோசனை இருக்க முடியாது. கிண்டியில் 1948லேயே தடுப்பூசிக் கூடம் வந்துவிட்டது, நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் போட்டும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று 1979இல் அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்க்கு அது உதவும் என்பதால் ஊசி இன்றும் தொடர்கிறது. நினைத்த வேலையை அது செய்யவில்லை என்று சொந்த மண்ணிலேயே சோதித்து, வெளியே சொன்னார்கள். எளிமையின் மேல் பற்று வைத்தவர்கள் இந்த ஆய்வையும் கொஞ்சம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

தாம்பரத்துக்குத் திரும்புவோம். 1986இல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1990களில் பல ஆஸ்பத்திரிகள் அந்த நோயாளிகளைத் தொட மறுத்தபோது தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. அப்போது மருத்துவமனைக்குத் தலைமை வகித்த சி. என். தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் முயன்றார். மேலைநாட்டு மருந்துகள் இருந்தன, ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல், ஒரு நாளைக்குக் கை நிறைய மாத்திரை. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக்கி, தொண்டு அமைப்புகளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் இந்தச் சிகிச்சையைச் சொல்லிப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த மாத்திரைக்குள் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து சில ஆண்டுகளில் கன்னத்தை ஒட்டவைத்தது, பாதங்களில் எரிச்சல் தந்தது. 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். மருந்து மாறியது, ‘ஒரே மாத்திரை’ என்ற வடிவம் நிலைத்தது. இப்போது தருவது நாளுக்கு ஒன்றுதான்.

இதில் சிக்கல் எங்கே போனது என்று பாருங்கள். மூன்று மருந்துகளை ஒன்றுக்கொன்று கெடுக்காமல் ஒரே மாத்திரையில் அடக்குவது மருந்துத் தொழிற்சாலையின் தலைவலி. அந்தத் தலைவலியைத் தாங்க வேதியியலாளர்களும் இயந்திரங்களும் அங்கே இருந்தார்கள். நோயாளியின் கையில் வந்தது எளிதானது மட்டும். பாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துத்தான் ஓர் எளிமையை நான் மதிப்பிடுவேன்.

காசநோயில் பாரம் பல தடவை தவறான பக்கம் நகர்ந்திருக்கிறது. 1997 முதல் நாடெங்கும் பரவிய டாட்ஸ் முறையில், ஊழியர் கண்முன்னால் நோயாளி மருந்தை விழுங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். விட்டுவிட்டுக் கொடுத்தாலும், மேற்பார்வை இருந்தால் மருந்து வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் தந்ததும் 1960களின் சென்னை ஆய்வுகள்தான். முடிப்பவர்கள் எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆனால் தினக்கூலிக்காரர் வாரத்தில் மூன்று நாள் காலை வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு வர வேண்டியிருந்தது. 2017இல் தினசரி மருந்துக்கு மாறினார்கள். தினமும் பார்க்க யாராலும் முடியாதே, என்ன செய்வது? மாத்திரை அட்டையின் பின்னால் ஒரு தொலைபேசி எண்ணை ஒளித்துவைத்தார்கள். மாத்திரையை அழுத்தி எடுத்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால், காசே ஆகாது. கேட்கும்போதே ‘அட’ என்று தோன்றும் யோசனை. மிஸ்டு கால் நம் மக்களின் மொழி. ‘வந்து சேர்ந்தேன்’, ‘கீழே நிற்கிறேன், இறங்கி வா’, எல்லாவற்றையும் காசு செலவில்லாமல் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் எச்ஐவியும் காசநோயும் சேர்ந்திருந்த நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில் வேறு கதை தெரிந்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்து, மிஸ்டு கால் கணக்கோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் போதுமான அளவுக்குப் பொருந்தவில்லை. மருந்தை விழுங்கியவர் கால் செய்யாமல் இருந்தார், கால் வந்த நாளில் மருந்து உள்ளே போகாமலும் இருந்தது. ‘வந்து சேர்ந்தேன்’ என்ற மிஸ்டு காலுக்கு வீட்டில் ஒருவர் காத்திருப்பார். இங்கே மறுமுனையில் கணினி. எளிய தகவல்தொடர்புக்குக் குறைந்த சொற்கள் போதும் என்று நினைக்கிறோம். இரு பக்கமும் ஏற்கெனவே நிறையப் பேசியிருந்தால்தான் குறைந்த சொற்கள் போதும். 1950களின் சேத்துப்பட்டும் 2020இன் இந்த ஆய்வும் உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரே வழியைத்தான் நாடின. நேரில் போய்க் கதவைத் தட்டுவது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த எளிமைப்படுத்தல்களில் எனக்கு மிகவும் பிடித்தது, 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். நோய் கண்ட அன்றே மோசமான நிலையில் இருப்பவர்களை இனம்கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பலரைக் காப்பாற்றலாம். இதற்காக நாடு தழுவிய வழிகாட்டி ஏற்கெனவே இருந்தது. ஆய்வகச் சோதனைகளும் எக்ஸ்ரேயும் கொண்ட நீண்ட பட்டியல் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை நிரப்ப யாருக்கு நேரம், எங்கே ஆய்வகம்? சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் அதை வெட்டிச் சுருக்கின.

மிஞ்சியவை இவைதான். உயரமும் எடையும் பார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணு, 24ஐத் தாண்டினால் ஆபத்து. கொரோனா காலத்தில் ஊர்தோறும் வந்துசேர்ந்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டு, 94க்குக் கீழே போனால் ஆபத்து. எழுந்து நிற்கச் சொல், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்கும் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். கால் வீங்கியிருந்தால் இந்த எல்லையே 16 வரை உயரும். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவர் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். சுகாதாரப் பார்வையாளர் ஒருவர், எடை பார்க்கும் இயந்திரம், ஓர் அட்டை போதும். சர்க்கரையும் ஈரலும் குடிப்பழக்கமும் அட்டையில் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. அவற்றை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டார்கள். சிக்கல் அதைத் தாங்கத் தெரிந்த இடத்துக்குப் போனது. சானடோரியம் மாதிரியான இடங்களில் படுக்கை இன்னும் எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

அட்டையின் முதல் வரியில் எடை இருப்பது தற்செயல் இல்லை. 1959 ஆய்வின் முடிவைப் பலர் ‘சாப்பாடு முக்கியமில்லை’ என்று புரிந்துகொண்டார்கள். மருந்தைத் தவறாமல் விழுங்கியவர்களிடம் சானடோரியச் சாப்பாடு குணமாவதைக் கூட்டவில்லை என்பதுதான் ஆய்வு சொன்னது. பசியோடு இருப்பவரும் பிழைப்பார் என்றோ, பசி நோயைக் கொண்டுவராது என்றோ அது சொல்லவில்லை. 2023இல் வெளியான, சென்னைக் காசநோய் நிறுவனமும் பங்கெடுத்த ஜார்க்கண்ட் ஆய்வு இந்தக் கணக்கை நேர்செய்தது. நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்ததில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆக, சௌரி முத்துவின் சமையலறையும் வீண்போகவில்லை.

அரசு இதை எப்படிச் செய்கிறது? 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்கில். அரிசி மூட்டையை வீடு வரை கொண்டுபோவதைவிட இது அரசுக்கு எத்தனையோ மடங்கு எளிது. கணக்கு இல்லாதவருக்கு, ஆதார் எண் இணையாதவருக்கு, கணக்குப் புத்தகம் ஊரில் இருக்கிறவருக்கு அதே அளவு கஷ்டம். ரேஷன் கடை தெருவுக்குத் தெரு உள்ள மாநிலத்தில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கலாம்.

இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. ‘வீட்டுச் சிகிச்சை’ என்று சொல்லும்போது ஒரு வீடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இன்றைய தென்புறநகரில், வண்டலூரிலும் படப்பையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுக்கிறார்கள். பெருங்களத்தூரில் விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்கள், நோய் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்று மாத்திரை அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவர்களில் பலர் எழுந்து நிற்பார்கள், மூச்சும் சீராக இருக்கும், பார்வையாளரின் அட்டைப்படி வீட்டுக்கு அனுப்பலாம். ராத்திரி எங்கே படுப்பாய் என்ற கேள்வி அதில் இல்லை. அதைச் சேர்த்தால் அட்டை ஒரு வரி நீளும், பார்வையாளர் முணுமுணுப்பார். இருந்தாலும் நான் சேர்ப்பேன். பதில் ‘இடமில்லை’ என்று வந்தால் ஆளை அனுப்ப ஓர் இடம் வேண்டும். நோய் தொற்றும் முதல் சில வாரங்களுக்காவது, 700 படுக்கைகள் உள்ள ஒரு வளாகத்தில் அதற்கென்று ஒரு வார்டு ஒதுக்குவது முடியாத காரியமல்ல.